கொடி தூக்க ஆளில்லாத ஆஃப்சைடு

ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கெட்ட வார்த்தை சொன்னாலும் காதில் விழாது. அதனால் 2022 நவம்பர் 22 மத்தியானம் கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தில் அர்ஜென்டினா - சவுதி ஆட்டத்தை நான் ஊமைப்படமாகத்தான் பார்த்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. மூன்றரைக்கு ஆட்டம். பில் புத்தகத்தில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். பத்தாவது நிமிஷம் மெஸ்ஸி பெனால்டி போட்டார். இனி எத்தனை கோல் என்பதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு ஒரு விசைப்படகுக்கு பில் எழுதினேன். நிமிர்ந்தால் பந்து மறுபடி வலைக்குள். ஸ்கோர் மட்டும் அதே 1-0. இன்னொரு பில் எழுதினேன். மறுபடி வலைக்குள் பந்து, மறுபடி 1-0. மூன்று தடவை இப்படி ஆயிற்று.

சத்தம் இல்லாமல் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. கமெண்டரிக்காரன் பந்தின் பின்னால் ஓடுவான், நம்மையும் இழுத்துக்கொண்டு ஓடுவான். அவன் இல்லாவிட்டால் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது கண்ணில் படும். சவுதியின் பின்வரிசை நாலு பேரும் கோலுக்குக் காவல் நிற்கவில்லை. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் வெறுமனே கிடந்தது. மெஸ்ஸியும் லவுத்தாரோ மார்ட்டினஸும் அதற்குள் சாடுவார்கள். பாஸ் காலைவிட்டுப் போகிற நொடியில் நாலு பேரும் சேர்ந்து ஓரடி முன்னால் வைப்பார்கள். பாஸ் போகிற நொடியில் பின்வரிசையைத் தாண்டி நிற்கிறவன் ஆஃப்சைடு, அவன் போடுகிற கோல் செல்லாது. லைன் ரெஃபரியின் கொடி எழும். அந்த மூன்று கோலும் அப்படிப் போனவைதான். முதல் பாதியில் மட்டும் ஏழு ஆஃப்சைடு, முழு ஆட்டத்தில் பத்து.

இரண்டாம் பாதி ஆரம்பித்து எட்டு நிமிஷம் முடிவதற்குள் அல் ஷெஹ்ரி ஒன்று, அல் தவ்சாரி ஒன்று. 36 ஆட்டம் தோற்காமல் வந்த அர்ஜென்டினா 2-1 என்று தோற்றது. எங்கள் பிளாண்டில் ஐஸ் கட்டி இழுக்கிற பையன் காலையிலிருந்தே நீல வெள்ளை ஜெர்சியில் நின்றான். சாயங்காலம் வாரக் கூலி வாங்கக்கூட உள்ளே வரவில்லை.

அப்போது சவுதி கோச் ஹெர்வே ரெனார். பிரெஞ்சுக்காரர், வெள்ளைச் சட்டை போட்டு நிற்பாரே, அவர்தான். 2012-ல் ஜாம்பியாவுக்கு ஆப்பிரிக்கக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இடைவேளையில் டிரெஸ்ஸிங் ரூமில் அவர் கத்துகிற வீடியோ பிறகு வெளியே வந்தது. மெஸ்ஸி பந்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, வேண்டுமென்றால் போனை எடுத்துப் போய் அவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொரிகிறார். அதைப் பதினைந்து தடவை பார்த்திருப்பேன். எனக்குப் பைத்தியம் பிடித்தது அந்த வீடியோவில்தான்.

ஏனென்றால் நானும் ஒரு கோச்.

சிரிக்க வேண்டாம். நீரோடிக்கும் இரயுமன்துறைக்கும் இடையே இருக்கிற எட்டு ஊர்களில் ஒன்று எங்கள் ஊர். பெயரைச் சொன்னால் பையன்கள் யார் யார் என்று தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். மேற்கே நீரோடி தாண்டினால் பொழியூர், கேரளம். எங்கள் பங்கும் திருவனந்தபுரம் மறைமாவட்டம்தான், அதனால் பாதிரியாரை அச்சன் என்போம். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு இரண்டே தொழில், ஆழ்கடலும் பந்தும். சூசைராஜ் இரவிபுத்தன்துறையிலிருந்து போய் இந்தியன் சூப்பர் லீகில் ஆடியவர், பொழியூர்க்காரர்கள் கேரளத்துக்குச் சந்தோஷ் டிராபி ஆடியவர்கள். நான் இரண்டும் பாதியில் விட்டவன். பத்து வருஷம் கொச்சி தொப்பும்படியிலிருந்து தூண்டில் போட்டில் போனேன். ஊருக்கு லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையில் இடது பக்கம், ஆடினேன். வலது முட்டி போயிற்று. இப்போது கணக்கெழுதுகிறேன், சாயங்காலம் பதினாலு வயசுக்குக் கீழே உள்ள பதினாறு பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் என்னை மாமா என்பார்கள். வாய் கொழுத்தவன் மட்டும் கோச் மாமா என்பான்.

எங்கள் மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குத் தெற்கு ஓரம் கிடையாது. ஆனி ஆடிக் கடல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போயிற்று. தூண்டில் வளைவுக்குக் கல் போட்ட பிறகு நின்றது, போனது திரும்பி வரவில்லை. ஆகவே ஒரு விங்கு முழு அகலம், மற்ற விங்கில் ஒரு ஆள் ஓடினால் இன்னொரு ஆளுக்கு இடமில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது இரண்டு டீமும் தலைகீழாக யோசிக்க வேண்டும். கால்பந்துப் புத்தகம் எதிலும் இதற்குப் படம் போட்டிருக்க மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் டூர்னமெண்ட் இந்த மைதானத்தில்தான். எங்கள் கிளப்தான் நடத்துகிறது. சின்னப் பையன்கள் பிரிவில் எங்கள் குரூப்பில் மூன்று டீம், முதல் இரண்டு டீம் மேலே போகும். முதல் ஆட்டம் டிசம்பர் 4 ஞாயிறு. கையில் பன்னிரண்டு நாள்.

பிளாண்டுக்குப் பின்னால் கழித்துப் போட்ட நைலான் கயிறு கிடந்தது. அதில் பதினைந்து அடி வெட்டி எடுத்துவந்து, என் பின்வரிசை நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி இடுப்போடு இடுப்பு கட்டினேன். ஒருத்தன் முன்னே போனால் நாலு பேரும் முன்னே, ஒருத்தன் பின்னால் வந்தால் நாலு பேரும் பின்னால். நான் கையைத் தட்டினால் ஓரடி மேலே. முதல் நாள் இரண்டு பேர் விழுந்து மூன்றாமவன் பல்லில் மண். மூன்றாம் நாள் ஓரளவு வந்தது. ஐந்தாம் நாள் வரிசை நேராகப் போய் நேராக வந்தபோது எனக்கே சிலிர்த்தது. வலை காயப்போட வந்த ஒரு மாமி மட்டும் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளியள இப்படி மாட்டக் கட்டுத மாதிரி கெட்டி வச்சிருக்கியே, இதுக்கா அதுகளுக்க அம்மைய சோறு போட்டு அனுப்புதாவ?"

நவம்பர் 30 அன்று பயிற்சி இல்லை. அன்று எங்கள் கரையில் எதுவும் இல்லை. 2017-ல் ஒக்கி புயல் வந்த நாள், அன்றைக்கு ஐந்து வருஷம். எட்டு ஊரிலும் பூசை, மெழுகுவர்த்தி. வாசகசாலை வாசலில் கட்டிய பெரிய திரையை இளைஞர்களே காலையில் கழற்றி மடித்துவைத்தார்கள். அர்ஜென்டினா - போலந்து ஆட்டம் நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டரை. சாயங்காலம் நாலைந்து பேர் அச்சனிடம் தயங்கித் தயங்கிப் போய், "அச்சோ, பன்னிரண்டு கழிஞ்சா டிசம்பர் ஒண்ணு அல்லவா?" என்று கேட்டிருக்கிறார்கள். அச்சன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு, சத்தம் வைக்காமல் பாருங்கள் என்றாராம். நானும் போய் உட்கார்ந்தேன். அப்பாவைக் கடலில் விட்ட பையன்கள் மூன்று பேர் என் டீமில் உண்டு, அவர்களும் வந்தார்கள். அந்த ராத்திரிதான் என்சோ ஃபெர்னாண்டஸும் ஜூலியன் ஆல்வரஸும் முதல் பதினோரு பேரில் இறங்கினார்கள். கோல் விழுந்தபோது யாரும் கத்தவில்லை, தொடையில் தட்டிக்கொண்டார்கள். உலகக் கோப்பையை இரண்டாவது தடவையாக நான் சத்தமில்லாமல் பார்த்தது அப்போதுதான்.

டிசம்பர் 4 வந்தது.

ஐந்தாவது நிமிஷம் எதிர் டீம் நடுவிலிருந்து ஒரு பந்தை உயரத் தூக்கி அடித்தது. அவர்களுடைய ஃபார்வேர்டு எங்கள் வரிசைக்குப் பின்னால் தெளிவாக இரண்டடி தள்ளி நிற்கிறான். என் நாலு பேரும் சொல்லிக்கொடுத்தபடி ஓரடி மேலே வைத்து, சொல்லிக்கொடுத்தபடி நாலு கையையும் தூக்கினார்கள். அல்லேலூயாக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அவன் தனியாக ஓடிப்போய், கோல் காக்கிற எங்கள் கோலி வாளையை (பையன்களுக்கு இங்கே மீன் பெயர்தான்) தாண்டி, வலைக்குள் நடந்தே போனான். நான் லைன் ரெஃபரியைப் பார்த்தேன். கம்பில் சிவப்புத் தோர்த்துத் துண்டு கட்டிய கொடி மணலில் குத்தி நின்றது. பக்கத்தில் ஆளில்லை. கொடி பிடிக்க நிறுத்தியிருந்த பையன் கப்பலண்டி, அதான் கடலை, வாங்கப் போயிருந்தான். மற்ற பக்கத்தில், கடல் ஓரத்தில், ஆளையே போடவில்லை. நிற்க இடம் இல்லையென்று கமிட்டியில் முடிவாம். அந்தக் கமிட்டியில் நானும் ஒருத்தன்.

கத்தாரில் ஸ்டேடியம் கூரையடியில் 12 கேமரா. ஒவ்வொரு ஆட்டக்காரன் உடம்பிலும் 29 புள்ளியை வினாடிக்கு 50 தடவை அளக்கும். பந்துக்குள்ளேயே ஒரு சென்சார். லவுத்தாரோவின் தோள் நுனியை அதுதான் பிடித்தது. ரெனாருடைய தைரியத்துக்குப் பின்னால் அந்தக் கேமராவும் இருந்தது என்பது எனக்கு மணலில் நிற்கும்போதுதான் உறைத்தது. மலப்புறம் பக்கத்தில் ஏழு ஏழு பேராக ஆடுகிற செவன்ஸில் ஆஃப்சைடே கிடையாது. எங்கள் லெவன்ஸில் உண்டு, ஆனால் அதைப் பார்க்க ஒருத்தன் வேண்டாமா?

5-1. பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசை நடுவில் நிற்கிற ஸ்டாப்பர் பாரை மட்டும் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது கொடி மட்டுமே காரணமில்லை என்று புரிந்தது. அந்தச் சவுதி டீமின் 26 பேரும் சொந்த நாட்டு லீகில் ஆடியவர்கள். பாதிக்குப் பக்கம் அல் ஹிலால் என்ற ஒரே கிளப். லீகை நிறுத்திவிட்டு ரெனார் அவர்களை முகாமில் வைத்திருந்தார். பக்கத்தில் நிற்கிறவன் எப்போது அடி வைப்பான் என்பது ஒவ்வொருத்தனுக்கும் உடம்பிலேயே தெரியும். அந்த மாதிரி டீமிடம்தான் அந்த மாதிரி வரிசையைக் கேட்க முடியும். அப்படியும் அடுத்த இரண்டு ஆட்டத்தில் போலந்திடம் 2-0, மெக்சிகோவிடம் 2-1 என்று தோற்றுக் குரூப்பில் கடைசியாகத்தான் வந்தார்கள். நான் ஐந்து நாள் கயிறு கட்டிவிட்டு அதையே கேட்டிருக்கிறேன்.

கிளப் கோச் என்றால் வருஷம் பூராவும் பையன்கள் கைக்குள் இருப்பார்கள். நாட்டு டீம் கோச்சுக்கு அப்படியில்லை. தொப்பும்படியில் நாங்கள் டிரிப் போவதும் அப்படித்தான். வள்ளவிளையிலிருந்து இரண்டு பேர், சின்னத்துறையிலிருந்து மூன்று பேர், பூத்துறைக்காரன் ஒருத்தன், போன டிரிப்பில் அவன் வேறு போட்டில் வேறு மாதிரி தூண்டில் விட்டவன். போட்டை நடத்துகிற ஸ்ராங்குக்குக் கரையில் கிடைப்பது ஐஸ் ஏற்றுகிற ஒரு நாள். அந்த ஒரு நாளில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் ஸ்ராங்கு தெரிவான். கத்தாரில் போட்டி நவம்பர் 20-ல் தொடங்க, கிளப்புகள் வீரர்களை விட வேண்டிய கடைசி நாள் நவம்பர் 14. ஒரு வாரம்கூட இல்லை.

மொராக்கோ கதை இங்கேதான் வருகிறது. வாலித் ரெக்ராகி பொறுப்பேற்றது 2022 ஆகஸ்ட் கடைசி நாள். அவருக்கு முன்னால் இருந்த வாஹித் ஹலில்ஹோட்சிச் டீமை உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவைத்துவிட்டு வேலை போனவர். அவருக்கு அது மூன்றாவது தடவை. 2010-க்கு முன்னால் ஐவரி கோஸ்ட், 2018-க்கு முன்னால் ஜப்பான், இப்போது மொராக்கோ. விதைத்து வளர்த்து அறுக்கிற அன்றைக்கு வரப்பில் நிறுத்தப்பட்ட அந்த மனிதரைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். ரெக்ராகிக்கு உலகக் கோப்பைக்கு முன்னால் கிடைத்தது மூன்றே நட்பு ஆட்டம். அவருடைய 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஒருத்தன் டச்சுக்காரன் மாதிரி ஆடுவான், ஒருத்தன் ஸ்பெயின்காரன் மாதிரி. அவரே பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்தவர்தான். வழுக்கைத் தலையைப் பார்த்து அவகாடோ தலை என்று ஊரில் கேலி செய்தார்கள்.

அவர் முதலில் செய்தது ஆட்டத்தைப் பற்றியதே அல்ல. பழைய கோச்சோடு பிணங்கி நாட்டுக்கு ஆடமாட்டேன் என்றிருந்த சியேஷைத் திரும்பக் கூப்பிட்டார். வீரர்களின் அம்மாமாரை கத்தாருக்கு வரவழைத்து டீம் ஹோட்டலிலேயே தங்கவைத்தார். ஹக்கிமி ஆட்டம் முடிந்ததும் கேலரிக்குப் போய் அம்மாவிடம் முத்தம் வாங்கினதும், போர்ச்சுகலை ஜெயித்த பிறகு பூஃபால் மைதானத்தில் அம்மாவோடு ஆடினதும் எங்கள் வாசகசாலைத் திரையில் தெரிந்தபோது, கோலுக்குக் கைதட்டாத மாமிமார் எல்லாம் கைதட்டினார்கள்.

டிசம்பர் 6 ராத்திரி எட்டரைக்கு ஸ்பெயின். ஆட்டத்துக்கு முன்பே ஸ்பெயின் கோச் லூயிஸ் என்ரிக்கே, ஆளுக்கு ஆயிரம் பெனால்டி அடித்துப் பழகிவிட்டு வாருங்கள் என்று ஒரு வருஷம் முன்னாலேயே வீட்டுப்பாடம் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தார். ஆட்டம் தொடங்கியது. பந்து முழுக்க ஸ்பெயினிடம். மொராக்கோ பந்தைத் தேடிப் போகவேயில்லை. நாலு பேர், அவர்களுக்கு முன்னால் அம்ரபாத் ஒருத்தன், அவனுக்கு முன்னால் நாலு பேர். இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு கட்டுமரம் போட இடமில்லை. முன்னால் தனியாக நின்ற என்-நெசிரிக்கும் கோல் அடிப்பதைவிடப் பெரிய வேலை, பின்னால் வந்து ஸ்பெயினின் நடு ஆட்டக்காரர் புஸ்கெட்ஸுக்குப் பந்து போகாமல் நிழல் மாதிரி நிற்பது. ஸ்பெயினின் இரண்டு ஸ்டாப்பர்களும் பந்தைத் தங்களுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டிக்கொள்ளலாம். அனுமதி உண்டு. உள்ளே போட்டால்தான் அம்ரபாத்.

120 நிமிஷத்தில் ஸ்பெயினுக்கு ஆயிரத்துக்கு மேல் பாஸ். கோலுக்கு நேராகப் போன ஷாட் ஒன்றே ஒன்று. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் தூங்கிவிட்டான். எனக்கானால் கொட்டாவிகூட வரவில்லை. கடைசி இரண்டு நிமிஷத்துக்கு சராபியாவை டை பிரேக்கருக்காகவே இறக்கினார்கள். அவன் ஆட்டம் முடிகிற நேரத்தில் போஸ்ட்டில் அடித்தான், டை பிரேக்கரிலும் போஸ்ட்டில் அடித்தான். சோலரையும் புஸ்கெட்ஸையும் மொராக்கோ கோலி போனோ தடுத்தார். ஹக்கிமி கடைசியில் கோலியைச் சாடவிட்டு நடுவில் மெல்லத் தூக்கிப்போட்டான். 3-0. ஆயிரம் பெனால்டி வீட்டுப்பாடத்தில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு வாளையும் பாரையும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். பாரைதான் கேட்டான்: "மாமா, இது நமக்கு வருமா?"

கையில் நாலு நாள். இந்தத் தடவை கயிறு எடுக்கவில்லை. மூன்றே மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, நடுவில் நிற்கிற சாய்ந்த தென்னைக்கு அப்பால் யாரும் பந்துக்காகப் போகக்கூடாது, நெத்தோலி தவிர. இரண்டு, எதிரி கடல் பக்கம் போனால் போகவிடு. அங்கே கடல் நமக்கு இன்னொரு பின்வரிசை ஆள். மூன்று, பந்து கிடைத்தால் ரோட்டுப் பக்கம் நெத்தோலிக்கு. நெத்தோலி அந்த டீமிலேயே சின்னவன். ஜெர்சி முட்டி வரை தொங்கும், ஆனால் அவன் ஓடினால் நாய் துரத்துகிற மாதிரி ஓடுவான். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது கடலும் ரோடும் இடம் மாறாதே மாமா, நாமதானே மாறுவோம் என்று ஒருத்தன் கேட்டான். அதுதான் விஷயம் என்றேன். வலது இடது என்று சொல்லாமல் ரோடு, கடல் என்று சொன்னதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 11 ஞாயிறு. அதற்கு முந்தின ராத்திரி மொராக்கோ போர்ச்சுகலை 1-0 என்று ஜெயித்திருந்தது. என்-நெசிரி ஆகாசத்தில் ஏறி அடித்த ஹெட். பையன்கள் தூங்காத கண்ணோடு வந்தார்கள். எதிர் டீம் எங்களைவிட நல்ல டீம், அதில் சந்தேகமில்லை. முதல் பாதி முழுக்க அவர்கள் பந்து, எங்கள் மணல். கடல் பக்கம் போனார்கள், இடுங்கினார்கள், பந்து தண்ணீருக்குப் போனது. பார்க்க அழகே இல்லை. கரையில் நின்ற ஒருவர், பந்து விளையாடச் சொன்னா பிள்ளியளக் காவலுக்கு நிறுத்தி வச்சிருக்கான் என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். இரண்டாம் பாதியில் பாரை ஒரு பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு ரோட்டுப் பக்கம் அடித்தான். நெத்தோலி போய்ச் சேர்ந்தான். அவன் அடித்தது கோலுக்கா கிராஸுக்கா என்று இன்றைக்கும் அவனே இரண்டு மாதிரி சொல்கிறான். 1-0.

ஆனால் மேலே போகவில்லை. மூன்று டீமுக்கும் மூன்று மூன்று புள்ளி, கோல் கணக்கில் எங்களுக்கு மைனஸ் மூன்று. அந்த 5-1 கயிறாக இழுத்துவிட்டது. சவுதிக்கும் மூன்று புள்ளிதான் என்று பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் சமாதானமாகவில்லை.

எங்கள் தெருவில் பழைய ஸ்டாப்பர் தாத்தா ஒருவர் இருக்கிறார். கோச் என்பதே ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி. "காலு உள்ளவன் களிப்பான். கோச்சுக்க காலு எங்க இருக்கு?" என்பார். அவரிடம் ஜெயிக்க எனக்கு ஒரே ஒரு சீட்டு உண்டு, 1962 ஜகார்த்தா. ஏசியன் கேம்ஸில் நம்ம இந்திய டீம் கோச் ஹைதராபாத் ரஹீம். ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருக்கிறது. தலை உடைந்த ஸ்டாப்பரை எந்தக் கோச்சும் உட்காரவைப்பான். ரஹீம் அவரை செமியில் சென்டர் ஃபார்வேர்டாக இறக்கினார். பைனலிலும் அப்படியே. தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்ததில் ஒரு கோல் பி. கே. பானர்ஜி, ஒரு கோல் ஜர்னைல் சிங். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய், அடுத்த வருஷம் இறந்துபோனார். அந்த டீமில் இரிஞ்ஞாலக்குடா சந்திரசேகரனும் உண்டு என்று தாத்தாவே எடுத்துக்கொடுப்பார். பிறகு, "ரஹீம் வேற" என்று முடித்துவிடுவார். அறுபது வருஷமாக ரஹீம் வேறதான்.

டிசம்பர் 15 விடியுமுன் பிரான்ஸ் - மொராக்கோ செமி. ரெக்ராகி மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டென்றால் அந்த ராத்திரிக்குத்தான். ஐந்து ஆட்டத்தில் டீமுக்குக் கைவந்ததை விட்டுவிட்டுப் பின்னால் ஐந்து பேரை நிறுத்தினார். பின்வரிசை அகேர்ட் வார்ம்-அப்பிலேயே முடியாமல் போனார், சாயிஸுக்கும் உடம்பு சரியில்லை. ஐந்தாவது நிமிஷம் தியோ எர்னாண்டஸ் கோல். 21-வது நிமிஷம் சாயிஸை வெளியே எடுத்துப் பழையபடி நாலுக்கு மாறின பிறகு மொராக்கோதான் ஆடியது, பிரான்ஸ் தடுமாறியது. ஆனால் கடைசியில் 2-0. பிரான்ஸின் எம்பாப்பேயைக் கண்டு பயந்திருப்பார். பயப்படாதவன் யார்?

அர்ஜென்டினா கோச் ஸ்கலோனிதான் எனக்கு இன்றும் பிடிபடாத ஆள். அப்போது 44 வயசு. அர்ஜென்டினாவுக்கு முன்னால் ஒரு பெரிய கிளப்பைக்கூடத் தலைமைக் கோச்சாக நடத்தியதில்லை. சவுதியிடம் தோற்ற பிறகு அடுத்த ஆட்டத்துக்கே ஐந்து பேரை மாற்றினார். 36 ஆட்டம் தோற்காத டீமை ஒரு தோல்விக்காகப் பிரித்துப் போட என்ன மனசு வேண்டும்? நெதர்லாந்துக்கு எதிராகப் பின்னால் ஐந்து பேர். குரோஷியாவுக்கு நடுவில் நாலு பேர். ஒவ்வொரு ஆட்டமும் வேறு வேறு. ரெக்ராகி ஒரு தடவை மாற்றினார், தோற்றார். இவர் ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறார், ஜெயிக்கிறார். என் மூன்று விஷயக் கொள்கைக்கு இது நேர் எதிர். டீமின் முதுகெலும்பு 2021 கோப்பா அமெரிக்கா ஜெயித்ததிலிருந்து ஒன்றாக இருந்தது, அவர்களிடம் அதிகம் கேட்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அரைகுறைச் சமாதானம்தான்.

பைனல் அன்று ஊரே திரைக்கு முன்னால். ஊரிலுள்ள பிரேசில் ரசிகர்கள்கூட வந்து பின்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அர்ஜென்டினாவின் டி மரியா வழக்கமாக வலது பக்கம் ஆடியவர், போலந்து ஆட்டத்துக்குப் பிறகு முதல் பதினோரு பேரில் இல்லை. அவரை ஸ்கலோனி இடது விங்கில் நிறுத்தினார். நெத்தோலி என் முழங்கையை இடித்தான். "மாமா, ரோட்டுப் பக்கம்." அந்தப் பக்கம்தான் பிரான்ஸின் டெம்பேலே பின்னால் ஓடிவந்து தள்ளிவிட்டது பெனால்டி ஆயிற்று. 36-வது நிமிஷம் ஒரே ஓட்டமாக வந்த கவுண்டர் அட்டாக்கில் டி மரியாவே இரண்டாவது கோல். 41-வது நிமிஷம், இடைவேளைக்குக்கூடக் காத்திருக்காமல், பிரான்ஸ் கோச் தெஷாம் ஜிரூவையும் டெம்பேலேயையும் வெளியே கூப்பிட்டார். தாத்தா கம்பைத் தட்டிக்கொண்டு, "இவனுக்குக் காலு இல்லேண்ணாலும் கண்ணு உண்டு" என்றார். எனக்கு அது பத்மஸ்ரீ கிடைத்த மாதிரி, தெஷாமுக்குக் கொடுத்ததானாலும்.

64-வது நிமிஷம் ஸ்கலோனி டி மரியாவை வெளியே எடுத்து அகுன்யாவை இறக்கினார். தப்பு. அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ரோட்டுப் பக்கம் அடைத்துவிட்டது, பிரான்ஸ் மூச்சுவிட்டது. 80, 81, எம்பாப்பே இரண்டு. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 3-3, கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை அர்ஜென்டினா கோலி எமிலியானோ மார்ட்டினஸ் இடது காலை நீட்டித் தடுத்தது, டை பிரேக்கர் 4-2. அந்தக் கால் ஒரு சாண் குட்டையாக இருந்திருந்தால் 64-வது நிமிஷத்தை வைத்து ஸ்கலோனியை வாழ்நாள் பூராவும் திட்டியிருப்பார்கள். பிளாண்டில் கட்டி இழுக்கிற பையன் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தான். வெடி, பாட்டு, பைக் ஊர்வலம் நீரோடி வரை போய் அங்கிருந்து பொழியூர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பியது.

அந்தக் களேபரத்தில் பாரை என்னைத் தேடிப்பிடித்து வந்தான். முகத்தில் நீலச் சாயம்.

"மாமா, ஈஸ்டர் டூர்னமெண்டுக்கு லைன் ரெஃபரி உண்டா?"

"உண்டு. ரெண்டு பக்கமும் உண்டு. கமிட்டியில சொல்லியாச்சு."

"அப்பம் கயிறு எங்க?"

பிளாண்டில், என் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. மறுநாள் மார்த்தாண்டம் போன வழியில் மஞ்சள் துணி ஒரு மீட்டர் வாங்கி, இரண்டு கொடி தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். ஈஸ்டருக்கு இன்னும் நூறு நாளுக்கு மேல் இருந்தது.